வலி நீக்கும் மூலிகையும் வலி அறியா ஆராய்ச்சியும்

மன்ற மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டார். காப்பியத்தைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் எழுத நம்மிடையே வல்லவர் பலர் உளர். நானோ மருந்தியல் மாணவன், என் துறையைப் பற்றித்தான் எழுதுவேன் என்றேன். "எழுதுங்கள், ஆனால் எங்களுக்கும் புரியும்படி எழுதுங்கள்" என்றார். முயன்று பார்க்கிறேன்.

மூலிகைச் சாரங்களிலிருந்து வலி நீக்கும் மருந்து காணும் முயற்சியே நான் எடுத்துக்கொண்ட பொருள். நம் பெங்களூரில் மருந்தியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றின் நூலகங்களில் முதுகலை மாணவர் எழுதிய ஆய்வேடுகள் அடுக்கடுக்காய் இருக்கின்றன. அவற்றுள் கணிசமானவை ஒரே கேள்வியைக் கேட்பவை: இன்ன செடியின் இலைக்கு, அல்லது வேருக்கு, அல்லது பட்டைக்கு வலி நீக்கும் ஆற்றல் உண்டா? நான் புரட்டிப் பார்த்த ஏடுகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே விடையையும் தந்தன: உண்டு! நொச்சிக்கு உண்டு, முடக்கத்தானுக்கு உண்டு, பிரண்டைக்கு உண்டு, எருக்குக்கும் உண்டு. இத்தனை செடிகளுக்கு ஆற்றல் உண்டென்று மெய்ப்பித்த பிறகும், படியேற முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நம் பாட்டிமார் கையில் அந்த ஏடுகளிலிருந்து ஒரு மாத்திரைகூட வந்து சேரவில்லையே, ஏன்?

இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டும், மிகவும் வேண்டும். இப்போது நடைபெறும் முறையில் வேண்டாம் என்பதே என் வாதம்.

ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று உலகம் நம்பியிருக்கும் வலிநீக்கிகளுள் முதன்மையானவற்றின் வேரைத் தேடிப் போனால், ஏதேனும் ஒரு செடியடியில்தான் போய் நிற்போம். ஜெர்மனியில் பாடர்போர்ன் என்னும் ஊரில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராக இருந்த செர்ட்யூர்னர், 1805ஆம் ஆண்டையொட்டி அபினிலிருந்து மார்ஃபின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயதைச் சற்றே கடந்திருந்தது, நம் வயதுதான்! இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்னும் பாதிரியார் காய்ச்சலுற்றவர் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு வில்லோ மரப்பட்டைத் தூளைக் கொடுத்துப் பார்த்து, அதன் பயனை 1763இல் அறிஞர் கழகத்திற்கு எழுதினார். அந்தப் பட்டையின் வழிவந்த அமிலம் வயிற்றைப் புண்ணாக்கியது. அதைச் சற்றே மாற்றி 1897இல் பேயர் நிறுவனத்தில் ஹாஃப்மன் செய்ததுதான் ஆஸ்பிரின். அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை ஜான் வேன் கண்டறிந்தது 1971இல். பாதிரியாரின் கடிதத்திலிருந்து அதுவரை இருநூற்றெட்டு ஆண்டுகள்! மூலிகை ஆராய்ச்சியில் அவசரம் உதவாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மிளகாயின் கதை இன்னும் சுவையானது. மிளகாய் நம்முடையது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்த அமெரிக்கச் செடி. அதன் காரப்பொருளாகிய கேப்சைசின் எந்த வாயில் வழியாக நரம்பைத் தூண்டுகிறது என்பதை டேவிட் ஜூலியஸின் குழுவினர் 1997இல் கண்டனர். கொதிக்கும் பொருளைத் தொட்டால் திறக்கும் அதே வாயிலைத்தான் மிளகாயும் திறக்கிறது. "காரம் சுடுகிறது" என்று நாம் சொல்வது உவமையன்று, உண்மையே என்று ஆயிற்று. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிகுதியாகத் தூண்டப்பட்ட நரம்பு பிறகு சோர்ந்து அடங்கிவிடும். அதனால், அக்கி ஆறிய பின்னும் தங்கிவிடும் கொடிய எரிச்சலுக்குக் கேப்சைசின் தடவிய பட்டையை 2009 முதல் ஒட்டுகிறார்கள். எரிச்சலுக்கு மிளகாய்!

இத்தகைய பெருமைமிக்க வழியில் வந்த ஆராய்ச்சி இன்று நம் கல்லூரிகளில் எப்படி நடக்கிறது? இலையைக் காயவைத்து இடிப்பார்கள். சாக்சுலெட் கருவியில் இட்டு மெத்தனாலைக் காய்ச்சிக் காய்ச்சிச் சாரம் இறக்குவார்கள். மெத்தனாலை ஆவியாக்கினால் அடியில் தார் போன்ற ஒரு பசை நிற்கும். அதைச் சுண்டெலிக்கு ஊட்டி, பிறகு அதன் வயிற்றில் அசெட்டிக் அமிலத்தை ஊசியால் ஏற்றுவார்கள். அமிலத்தின் வேதனையால் எலி உடலை முறுக்கி நெளியும். எத்தனை தடவை நெளிந்தது என்று எண்ணுவார்கள். சாரம் உண்ட எலி குறைவாக நெளிந்தால், செடிக்கு வலி நீக்கும் ஆற்றல் உண்டு. டைக்ளோஃபினாக் உண்ட எலியோடு ஒப்பிட்டு ஒரு படம் வரைந்தால் ஆய்வேடு முடிந்தது.

இதில் குறை என்ன? தூக்கக் கலக்கத்தில் இருக்கும் எலியும் குறைவாகத்தான் நெளியும். தசை தளர்ந்த எலியும் நெளியாது. வலி குறைந்ததா, எலி மயங்கிக் கிடந்ததா என்று பிரித்தறிய வேறு சோதனைகள் உண்டு. சூடான தட்டில் எவ்வளவு நேரம் பொறுத்து நிற்கிறது என்று பார்ப்பது ஒன்று, சுழலும் தண்டில் தடுமாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பது ஒன்று. காலம் போதாமையாலோ கருவி இல்லாமையாலோ அவை பல இடங்களில் விடுபட்டுப் போகின்றன. விடை முன்னரே தெரிந்த சோதனைக்காக ஓர் உயிரை வதைப்பது முறையா? எலியும் வலி அறியும் உயிர்தானே!

ஆனால் இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அது தமிழ் அறிந்தவர்க்கு எளிதில் விளங்கும் என்பதாலேயே இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

வலி என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் முடித்துவிடுவதை நம் ஊர்க் கிழவி ஒருத்தி எப்படிச் சொல்வாள் என்று எண்ணிப் பாருங்கள். காதிலும் மூட்டிலும் வருவது குடைச்சல். விலாவில் குத்தல். நெடுவழி நடந்த காலில் கடுப்பு. காய்ச்சலுக்கு முன் உடம்பெல்லாம் உளைச்சல். பழுத்த கட்டி விண்விண்ணென்று தெறிக்கும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும். குடல் முறுக்கிப் பிடிக்கும், கழுத்து சுளுக்கிக் கொள்ளும், பல் சுளீரென்னும். இவை வெறும் சொல்லலங்காரங்களா? அல்ல. தெறிக்கும் வலி பெரும்பாலும் வீக்கத்தோடு வருவது. ஆஸ்பிரின் வகையறா அதற்குக் கேட்கும். பாதத்தின் எரிச்சல் நரம்பே பழுதானதால் வருவது. அதற்கு ஆஸ்பிரின் பயன்படாது. முறுக்குவலி குடல்தசையின் இறுக்கம். அதற்குத் தேவை தசையைத் தளர்த்தும் மருந்து. கனடாவில் மெல்சாக் என்னும் உளவியலறிஞர் நோயாளிகள் வலியைக் குறிக்க ஆளும் சொற்களைத் திரட்டி, வகைப்படுத்தி, 1975இல் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். மக்கில் பல்கலைக்கழகத்தின் பெயரால் அது இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. சொல்லைக் கேட்டே வலியின் இனத்தை ஓரளவு ஊகிக்கலாம் என்பதை அவர் காட்டினார்.

இனி நம் ஆய்வேடுகளைப் பாருங்கள். மூட்டுக் குடைச்சலுக்கு ஒரு வேர் என்று ஊரார் சொல்கிறார்கள். மாணவர் அதை "வலி" என்று ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுகிறார். எலியின் வயிற்றில் அமிலம் ஏற்றுகிறார். குடைச்சல் எங்கே, வயிற்றெரிச்சல் எங்கே? சுளுக்குக்குச் சொன்ன செடியைக் கொதிதட்டில் சோதித்து "ஆற்றல் இல்லை" என்று ஒதுக்கினால், அது செடியின் குற்றமா, பெயர்த்தவரின் குற்றமா?

சொல்லில் நேரும் இந்தக் குழப்பம் செய்முறையிலும் நேர்கிறது. நொச்சியை யாரேனும் மெத்தனாலில் காய்ச்சிக் குடித்ததுண்டோ? ஆவி பிடிப்பார்கள், இலையை வதக்கி ஒற்றடம் கொடுப்பார்கள், தலையணைக்குள் திணித்துப் படுப்பார்கள். முடக்கத்தானை இரசமாகவும் தோசையாகவும் உண்கிறோம். குடிநீர் என்றால் எட்டிலொரு பங்காக வற்றும்படி காய்ச்சுவது உண்டு. சேராங்கொட்டையையோ சுத்தி செய்யாமல் தொட்டால் தோல் கொப்பளித்துவிடும். சுத்தி செய்த பிறகே அது வாத நோய்க்கு மருந்து. தண்ணீரில் இறங்குவது வேறு, எண்ணெயில் இறங்குவது வேறு, மெத்தனாலில் இறங்குவது வேறு. பக்குவத்தை மாற்றினால் பொருளே மாறுகிறது.

பழைய நூலின் ஒரு வரியைக் கவனித்துப் படித்ததால் பெரும்பயன் விளைந்த வரலாறு நம் காலத்திலேயே உண்டு. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீனத்துப் பெண்மணி டு யூயூ, ஒரு செடியை எத்தனையோ முறை காய்ச்சிப் பார்த்தும் நிலையான பயன் காணவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய நூலில் அச்செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியும்படி சொல்லியிருந்தது, காய்ச்சும்படி இல்லை. வெப்பத்தில் சத்து அழிகிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் ஈதரால் சாரம் இறக்கினார், 1971இல். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, இலட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன, 2015இல் நோபல் பரிசும் வந்தது. நம் சித்த மருத்துவ நூல்களில் அத்தகைய வரி எத்தனை கிடக்கின்றனவோ! பெங்களூரின் ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ மாநிலத்தார் இருக்கின்றனர். அந்நூல்களை மூலத்திலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடியவர் நாம்தாம். அதை நாம் செய்யாவிட்டால் யார் செய்வது?

இங்கே ஓர் எச்சரிக்கை. பழமை என்றவுடன் கைகூப்பிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மஞ்சளை எடுத்துக்கொள்வோம். மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை வழங்கினார்கள். நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு வழக்காடி, 1997இல் அதை நீக்கச் செய்தது. நாம் அனைவரும் மகிழ்ந்தோம்; மகிழ வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகு? மஞ்சளின் குர்க்குமினைப் பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தன. 2017இல் மருந்து வேதியியல் ஏடு ஒன்றில் சில அறிஞர் அவற்றை அலசி, குர்க்குமின் நிலையற்றது, குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவதே அரிது, சோதனைக் குழாயில் பொய்யான விடைகளை எழுப்பி ஆய்வாளரை ஏமாற்றவல்லது என்று எழுதினர். அவர்களை மறுத்தவர்களும் உண்டு. அவ்வாறு ஏமாற்றும் பொருள்களுக்கு வேதியியலார் இட்ட சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? "பெயின்ஸ்"! வலிநீக்கி தேடப் போய் வலியிலேயே மாட்டிக்கொண்ட கதை.

இன்னொரு கதை கேமரூன் நாட்டைச் சேர்ந்தது. அங்கே வலிக்கு வழங்கும் ஒரு மரத்தின் வேரில் டிரமடால் இருக்கிறது என்று 2013இல் அறிவித்தார்கள். டிரமடால் மனிதன் தொழிற்சாலையில் செய்த வலிநீக்கி. அதை இயற்கை முன்பே செய்து வைத்திருந்ததா என்று உலகம் வியந்தது. மறு ஆண்டே ஜெர்மனியின் ஸ்பிட்டெல்லர் குழுவினர் வேறு விளக்கம் தந்தனர். அவ்வட்டாரத்து உழவர் வெயிலில் மாடு தளராமல் உழைக்க அதற்கு டிரமடால் மாத்திரை கொடுக்கின்றனர், தாமும் உண்கின்றனர். மாட்டின் சிறுநீரோடு மண்ணில் இறங்கிய மருந்தையே வேர் உறிஞ்சியிருக்கிறது என்றனர். முன்னவர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. எனினும் செடி எங்கே வளர்ந்தது, யார் பறித்தது, அங்கே மண் எப்படி என்று கேட்காமல் சாரம் இறக்கக் கூடாது என்பதை அது உலகுக்குக் கற்பித்தது.

நாமோ செடி எது என்பதையே சில வேளைகளில் கேட்பதில்லை. கடைத்தெருவில் குங்கிலியம் என்று கேட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களின் பிசின் கிடைக்கும். அரத்தையிலும் சிற்றரத்தை உண்டு, பேரரத்தை உண்டு. காய்ந்து பொடியான பின் யார் அடையாளம் காண்பது? இதற்கு உதவக்கூடிய நிலையம் நம் ஊரிலேயே, யெலகங்காவில் இருக்கிறது. உள்ளூர் மருத்துவ மரபுகளைக் காக்க 1993இல் தோன்றிய அறக்கட்டளை அது. மருத்துவச் செடிகளின் உலர்மாதிரிகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 960 மூலிகை இனங்கள் விற்பனையாகின்றன என்றும், அவற்றுள் 178 ஆண்டுக்கு நூறு டன்னுக்கு மேல் விற்பனையாகின்றன என்றும் 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறியது. அவற்றுள் பெரும்பகுதி காட்டிலிருந்து பறித்து வருவதே. வேர் தேவைப்படும் செடியை வேரோடு பிடுங்கினால் அடுத்த ஆண்டு எதைப் பிடுங்குவது?

"மூலிகைதானே, தீங்கு செய்யாது" என்று கூறுவாருக்கு ஒரு சொல். பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் கெட்டு அல்லற்பட்டது 1993இல் வெளியாயிற்று. காரணம், அதில் கலந்த அரிஸ்டோலோக்கியா இனச் செடி. நம் ஆடுதீண்டாப்பாளையும் அந்த இனமே. அதிலுள்ள அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதி என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆடு தீண்டாததை மனிதன் தீண்டுவானேன்?

தொழிற்சாலை மருந்து மட்டும் குற்றமற்றதா என்று கேட்பீர்கள். இல்லை. டைக்ளோஃபினாக் கொடுத்த மாடு இறந்தபின் அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் நம் நாட்டில் அழிந்தன. கால்நடைக்கு அம்மருந்தை 2006இல் தடை செய்தனர். நம் அருகில் இராமநகரத்துப் பாறைகளில் எஞ்சியவற்றைக் காக்க 2012இல் சரணாலயம் அமைத்தனர். வலிநீக்கி எதுவாயினும் அது போய்ச் சேரும் இடமெல்லாம் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நல்ல முறையில் நடந்த ஆய்வுகளையும் சொல்வது கடமை. கொழும்பில் ஓர் ஆய்வுக் குழு நொச்சியின் முற்றிய பச்சிலையைத் தண்ணீரிலேயே சாரமாக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட வலிச் சோதனைகளில் எலிக்குக் கொடுத்துப் பார்த்து 2003இல் வெளியிட்டது. அதே ஆண்டு நாகபுரியில் பாஸ்வெல்லியாப் பிசினை முழங்கால் மூட்டு தேய்ந்த முப்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்தனர். பாதிப் பேருக்கு முதலில் மருந்து, பின்பு மருந்தில்லா மாத்திரை, மறுபாதிக்கு மாற்றி. எது எதுவென்று உண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. மருந்து உண்ட காலத்தில் வலியும் வீக்கமும் குறைந்தன. முப்பது பேர் போதாதுதான். ஆயினும் எலியோடு நில்லாமல் மனிதரிடம் வந்தார்களே!

எனக்கு நெடுநாளாக உறுத்தும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். செடி தந்த வலிநீக்கிகளுள் தலையாயது மார்ஃபின். அதற்கு வேண்டிய அபினை அரசின் உரிமம் பெற்று மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிரிடுகிறார்கள். பயிரிட்டும் பயன் என்ன? 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சி மருத்துவமனைகள் பல மார்ஃபினை வைத்திருப்பதையே விட்டன. 2014இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பிறகும் 2017இல் 'லான்செட்' இதழின் குழு கணக்கிட்டபோது, இந்தியாவில் தேவைப்படும் அளவில் நூற்றுக்கு நான்கு பங்கே நோயாளிக்குக் கிடைப்பதாகத் தெரிந்தது. புற்றுநோயின் கடைசி நாட்களில் ஒருவர் துடிப்பதைப் பார்த்தவர்க்கு அந்த எண்ணின் பொருள் விளங்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கண்ட மருந்தை அண்டை வீட்டு நோயாளிக்குச் சேர்க்காமல், புதிய மருந்து கண்டுவிட்டதாக ஆண்டுதோறும் ஏடு எழுதிக்கொண்டிருப்பதை எப்படிப் பாராட்டுவது? மருத்துவம் பயிலும் நம் மன்றத்து நண்பர்கள், தாங்கள் பயிற்சி பெறும் மருத்துவமனையில் மார்ஃபின் இருக்கிறதா என்றேனும் ஒருமுறை கேட்கலாகாதா?

ஆய்வு நெறியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. "ஆற்றல் இல்லை" என்று முடியும் ஏட்டுக்கும் உரிய மதிப்பெண் கொடுங்கள். அது கிடைக்காது என்ற அச்சத்தினாலன்றோ எல்லாச் செடிகளும் வலி நீக்குகின்றன!

மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குக் கருவியும் வேண்டாம், பணமும் வேண்டாம். பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டுப் பெரியவர்கள் எந்த வலிக்கு எந்தச் செடி என்று சொல்கிறார்களோ, அவர்கள் ஒப்புதலோடு, அவர்கள் வாய்ச்சொல்லாகவே எழுதுங்கள்: குடைச்சலா, கடுப்பா, குத்தலா, பச்சையா, உலர்ந்ததா, தண்ணீரா, எண்ணெயா, எத்தனை நாள், எப்போது கொடுக்கக் கூடாது. ஊருக்குப் போகாதவர்கள் கிருஷ்ணராஜ சந்தைக்குப் போய்க் கீரையும் தழையும் விற்கும் அம்மாக்களைக் கேட்கலாம். நாம் நொச்சி என்பதைக் கன்னடத்தில் லக்கி கிடா என்பார்கள். கன்னட நண்பர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றால் இரு மொழிக் குறிப்பும் கிடைக்கும். செடியின் கிளை ஒன்றைப் பூவோடு செய்தித்தாளுக்கிடையில் வைத்து அழுத்திக் கொண்டுவாருங்கள். தாவரவியல் பயிலும் நண்பர் இருவர் பெயர் கண்டு சொல்ல இசைந்திருக்கிறார்கள். தை மாத இறுதிக்குள் குறிப்புகளை மன்றச் செயலாளரிடம் கொடுத்தால் நான் தொகுத்துத் தருகிறேன்.